பெரிய சடக்கு எண்ணெய் நிலையம்: தகர டின்னிலிருந்து மீட்டர் வரை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். சோழர்கள் கடாரம் வந்ததை எழுதலாமா, மலாக்கா சுல்தான்களைப் பற்றி எழுதலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், "பெட்ரோல் எங்கிருந்து வருகிறது?" என்று மாணவர்களைக் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சடக்கு முனையில இருக்குற எண்ணெய் நிலையத்துக்குக் கீழே கெணறு இருக்கு சார். அதிலேருந்துதான் பம்ப் அடிச்சு ஊத்துறாங்க" என்றான்.

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இத்தனைக்கும் என் தகப்பனார் அதே எண்ணெய் நிலையத்தில் பதினேழு ஆண்டுகள் வேலை செய்தவர்!

நாம் தினமும் கடந்து போகும் இடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அரண்மனைக்கும் கோட்டைக்கும் மட்டுந்தான் வரலாறு என்று எண்ணுவது தவறு. ஆகவே இந்த ஆண்டு எண்ணெய் நிலையத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

மருந்துக் கடையில் பெட்ரோல்

உலகத்தின் முதல் எண்ணெய் நிலையம் ஒரு மருந்துக் கடை என்றால் நம்புவீர்களா? 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனி நாட்டில் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கூடவே இரண்டு மகன்கள். மான்ஹைம் என்ற ஊரிலிருந்து தம் தாய்வீடு இருந்த பொர்ஸ்ஹைமுக்குப் பயணம். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். வழியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்காரரிடம், துணிக்கறை போக்க விற்கும் 'லிக்ரோயின்' என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு மேலே போனார். அந்தக் கடையைத்தான் இன்று உலகின் முதல் எண்ணெய் நிலையம் என்று சொல்கிறார்கள்.

அதே 1888-ல் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக வந்து சேர்ந்தார். ரப்பர் கன்றுகள் அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 1877-ல், சிங்கப்பூருக்கும் கோலாகங்சாருக்கும் வந்துவிட்டன. ஆனால் தோட்டக்காரர்கள் அவற்றை மதிக்கவில்லை. ரிட்லி சட்டைப்பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, பார்ப்பவரிடமெல்லாம் "நடுங்கள், நடுங்கள்" என்றார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவரைக் கேலி செய்தார்கள். மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அவரே. 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் வியாபாரத்திற்காக ரப்பர் பயிரிட்டார். அதன் பிறகு காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது. நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் கங்காணியோடு கப்பல் ஏறினார்கள்.

மோட்டார் வண்டிக்கு இரண்டு தேவை. ஒன்று எண்ணெய், மற்றொன்று டயர். எண்ணெய் பூமியிலிருந்து வந்தது. டயர் நம்மவர் வெட்டிய பாலிலிருந்து வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தகர டின் காலம்

மோட்டார் வண்டிக்கு முன்னால் எண்ணெய் என்றாலே விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்தான். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் மண்ணெண்ணெயைத் தகர டின்னில் அடைத்து, இரண்டு டின்னை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பின. இலண்டன் வியாபாரியான மார்க்கஸ் சாமுவேல் வேறு வழி கண்டார். எண்ணெயை டின்னில் அடைக்காமல் கப்பலையே ஒரு பெரிய தொட்டியாகக் கட்டினார். 'மியூரெக்ஸ்' என்ற அந்தக் கப்பல் 1892-ல் சூயஸ் கால்வாயைக் கடந்தது. எண்ணெய் ஏற்றி அந்தக் கால்வாயைக் கடந்த முதல் தொட்டிக் கப்பல் அதுதான். சிங்கப்பூருக்கு அருகே புக்கோம் தீவிலிருந்த தொட்டியில் எண்ணெய் இறக்கப்பட்டது. மியூரெக்ஸ் என்பது ஒரு சங்கின் பெயர். சாமுவேலின் தகப்பனார் சிப்பி, சங்கு வியாபாரம் செய்தவர். பின்னாளில் அந்தக் கம்பெனிக்கு 'ஷெல்' என்று பெயர் வந்ததற்கும் அதுவே காரணம்.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. எண்ணெய் மலிவாக வந்தும் ஆசிய நாட்டு மக்கள் முதலில் அதை வாங்கத் தயங்கினார்கள். காரணம் என்ன? அவர்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டியிருந்தது! காலி டின்னைக் கூரைக்கு அடித்தார்கள், பாத்திரமாக்கினார்கள். வெறும் எண்ணெயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாமுவேல் உடனே தகரத்தைக் கப்பலில் அனுப்பி, இங்கேயே டின் செய்து, சிவப்புச் சாயம் பூசி விற்கச் சொன்னார். வியாபாரம் சூடு பிடித்தது. நம் லயத்தில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் தூக்கியது, பால் சுமந்தது, தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைத்தது எல்லாம் டின்னில்தானே!

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி 1896-ல் வந்தது. ஓடும்போது அது போட்ட சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் அதைக் 'காப்பி மெஷின்' என்றார்களாம். அக்காலத்தில் வண்டிக்காரர்கள் பெட்ரோலையும் டின்னில்தான் வாங்கினார்கள். புனல் வைத்து ஊற்ற வேண்டும். பாதி உள்ளே போகும், மீதி மண்ணில் சிந்தும். நெருப்புப் பட்டால் கதை முடிந்தது.

பம்ப் பிறந்த கதை

இந்தத் தொல்லைக்குத் தீர்வு அமெரிக்காவில் பிறந்தது. 1885-ல் சில்வானஸ் பௌசர் என்பவர், மளிகைக் கடைக்காரர் மண்ணெண்ணெயை அளந்து கொடுக்க ஒரு பம்ப் செய்தார். 1905-ல் அதையே மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்ற ஏற்றபடி மாற்றி, ஒரு ரப்பர்க் குழாயையும் பொருத்தினார். பல நாடுகளில் எண்ணெய் வண்டியையும் பம்பையும் இன்றும் 'பௌசர்' என்றே அழைக்கிறார்கள்.

1913-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் கம்பெனி ஒரு நிலையத்தைத் திறந்தது. வண்டி உள்ளே வந்து, கூரைக்குக் கீழே நின்று, எண்ணெய் ஊற்றிக்கொண்டு வெளியே போகலாம். முதல் நாள் வியாபாரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 30 கேலன்! ஒரு கேலன் 27 காசு. காற்றும் தண்ணீரும் இலவசம். இன்று நாம் காணும் எண்ணெய் நிலையம் எல்லாம் இதன் பிள்ளைகளே. பிரிட்டனில் 1919-1920-ல் ஆல்டர்மாஸ்டன் என்ற ஊரில் சாலையோர நிலையம் வந்தது.

அக்கால பம்ப் ஒன்றின் தலையில் பெரிய கண்ணாடிக் குடுவை இருக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பூமிக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து எண்ணெய் ஏறிக் குடுவையில் நிறையும். குடுவையில் கேலன் கோடு போட்டிருக்கும். வாங்குபவர் அளவைக் கண்ணால் பார்த்த பிறகு, குழாயைத் திறந்தால் எண்ணெய் தானாக இறங்கும். வாங்குபவரை ஏமாற்றுவது கடினம். பின்னர் மின்சார மோட்டாரும் மீட்டரும் வந்து கண்ணாடிக் குடுவை மறைந்தது.

மாணவர்களே, நிலையத்திற்குக் கீழே இருப்பது கிணறு அல்ல, தொட்டி. நெருப்புக்கும் வெயிலுக்கும் பயந்துதான் அதைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். தொட்டியிலிருந்து ஒரு குழாய் உயரமாக வானத்தைப் பார்த்து நிற்கும். அது ஆவி வெளியேறும் வழி. அடுத்த முறை அப்பாவோடு போகும்போது எண்ணெய் ஊற்றும் குழாயின் முனையைத் தள்ளி நின்று கவனியுங்கள். அங்கே ஒரு சிறு துளை இருக்கும். வண்டியின் தொட்டி நிறைந்து எண்ணெய் அந்தத் துளையை மூடியதும், உள்ளே காற்று இழுபடுவது தடைப்பட்டு, 'டக்' என்று பூட்டு விழுந்து எண்ணெய் நின்றுவிடும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை. வெறும் காற்றின் வேலை!

நம் நாட்டு எண்ணெய்

சரவாக்கில் மிரி நகரத்துக் குன்றின் மேல் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். டிசம்பர் 22-ல் எண்ணெய் கிடைத்தது. 'மூதாட்டி' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் கிணறு 1972 வரை எண்ணெய் தந்தது. அறுபத்திரண்டு ஆண்டுகள்! பின்னர் அருகே லூத்தோங்கில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. தீபகற்பத்தில் 1960-களின் தொடக்கத்தில் போர்ட்டிக்சன் கடற்கரையில் ஆலைகள் எழுந்தன.

1910 என்ற ஆண்டைக் கவனியுங்கள். ரப்பர் விலை உச்சத்திற்கு ஏறிய ஆண்டும் அதுவே. 1908-ல் ஃபோர்டு கம்பெனி 'மாடல் டி' காரை விற்கத் தொடங்கியது. கார் பெருகப் பெருக டயர் வேண்டியிருந்தது, எண்ணெயும் வேண்டியிருந்தது. மலாயாவில் அந்தக் கார் ஓடுவதற்குச் சடக்கும் வேண்டியிருந்தது. காட்டை வெட்டி, கல் உடைத்து, தார் காய்ச்சிச் சடக்கு போட்ட பொதுப்பணி இலாகாத் தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழர்களே. சடக்கு போட்டவர் அதில் நடந்து போனார். டயருக்குப் பால் வெட்டியவர் சைக்கிளில் போனார். இதையும் வரலாற்றில் எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

ஜப்பான்காரன் காலம்

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். சிங்கப்பூர் விழுமுன், எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷார் புக்கோம் தீவு எண்ணெய்க்குத் தாங்களே தீ வைத்தார்கள். பிறகு மூன்றரை ஆண்டுகள் ஜனங்களுக்கு எண்ணெய்ப் பஞ்சம். பஸ், லோரிகளின் பின்னால் அடுப்பு போன்ற கலனைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். ரப்பரைக் காய்ச்சி வடித்தும் எண்ணெய் எடுத்தார்கள். மேட்டில் ஏறாத வண்டியைப் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். எங்கள் பாட்டி, "அப்ப வெளக்குக்கே எண்ணெ கெடையாது, வண்டிக்கு எங்க போறது?" என்று சொல்லுவார்.

பெயர்ப்பலகை மாறிய கதை

1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. ஏறக்குறைய 3 டாலர் விற்ற பீப்பாய் எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நம் நாடு விழித்துக்கொண்டது. 1974 ஆகஸ்டு 17-ல் பெட்ரோனாஸ் தோன்றியது. நம் மண்ணின் எண்ணெய் நம் நாட்டின் உடைமை என்று சட்டம் ஆயிற்று. 1981-ல் பெட்ரோனாஸ் தன் முதல் எண்ணெய் நிலையத்தைக் கோலாலம்பூரில் திறந்தது. அதே காலத்தில் கேலன் போய் லிட்டர் வந்தது. 1972-ன் எடை அளவுச் சட்டம் அதற்கு வழி செய்தது. ஒரு கேலன் என்பது நாலரை லிட்டருக்குச் சற்று அதிகம். "ரெண்டு கேலன் போடு" என்று சொல்லிப் பழகியவர்கள் கொஞ்ச நாள் திண்டாடித்தான் போனார்கள்.

எஸ்ஸோ, மொபில் பலகைகள் 2012-க்குப் பின் பெட்ரோன் ஆயின. 2009 செப்டம்பரில் ரோன் 92 போய் ரோன் 95 வந்தது. 2025 செப்டம்பர் இறுதியில், குடிமக்கள் மைகார்டைக் காட்டி ரோன் 95 எண்ணெயை லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு வாங்கும் திட்டம் தொடங்கியது.

இன்னொன்றும் மாறியது. எஞ்சின் இடிக்காமல் ஓட 1923 முதல் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். ஈயம் விஷம். அதிலும் சிறு பிள்ளைகளின் மூளையைக் கெடுப்பது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அது நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நாடு 2021-ல் நிறுத்தியது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் உலகம் அந்தப் புகையை மூச்சில் இழுத்தது!

எங்கள் சடக்கு முனை

இனி என் தகப்பனார் கதை. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது பால்வெட்டு வேலை குறைந்தது. 1988-ல் அப்பா சடக்கு முனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலையில் முதல் வேலை, நீண்ட அளவுக்கோலைத் தொட்டிக்குள் விட்டு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவது. பிறகு நாள் முழுவதும் எண்ணெய் ஊற்றுவது, கண்ணாடி துடைப்பது, டயருக்குக் காற்று அடிப்பது. அப்பா வீட்டுக்கு வந்தால் முதலில் சட்டை வாசம்தான் வரும். எங்களைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார்.

அப்போது எங்கள் தோட்டத்து லயங்களில் யார் வீட்டிலும் போன் கிடையாது. இரவில் விளக்கு எரியும் இடமும் போன் இருக்கும் இடமும் அந்த நிலையம் ஒன்றுதான். ஒரு மழை இரவு. பக்கத்து லயத்து அக்காவுக்குப் பிரசவ வலி. தோட்டத்து வண்டி பழுதாகிக் கிடந்தது. அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் நிலையத்துக்கு ஓடி வந்தார். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தார். வண்டி வரத் தாமதம் ஆகும் என்றார்கள். அப்போது எண்ணெய் ஊற்ற வந்த சீனர் லோரிக்காரரிடம் அப்பா கைகூப்பிக் கேட்டார். அவர் மறு பேச்சு பேசாமல் லோரியைத் தோட்டத்திற்குள் திருப்பினார். அன்று பிறந்த பெண் பின்னாளில் நம் பள்ளியில்தான் படித்தாள். அவள் மகன் இன்று நம் முதலாம் ஆண்டு வகுப்பில் இருக்கிறான்.

1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்தது. பழைய சடக்கில் வண்டிகள் குறைந்தன. பிறகு 'நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்' என்ற முறை பரவியது. 1947-லேயே லாஸ் ஏஞ்சலசில் தொடங்கிய முறை அது. எங்கள் முனைக்கு 2005-ல் வந்தது. அப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது.

அது கூடப் பரவாயில்லை. அப்பா சேமநிதிக் கணக்கைப் பார்க்கப் போனார். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார்களே, அதில் இடையில் நாலு ஆண்டுப் பணம் கட்டவே இல்லை. நடத்தியவர் கைமாறிப் போயிருந்தார். அப்பாவிடம் சம்பளச் சீட்டு ஒன்று கூட இல்லை. "நம்புனேன் தம்பி, கேக்கல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டரில் உட்கார்ந்த தங்கை ஒருத்தி, "அண்ணே, வருசா வருசம் வந்து கணக்கு பாத்திருக்கணும்" என்றாராம். அதுதான் அப்பாவுக்கு அதிகம் வலித்தது. தொட்டியில் எண்ணெய் எவ்வளவு என்று தினமும் அளந்து பார்த்தவர், தன் கணக்கை ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இருக்கிறது. சொக்சோ சட்டம் 1969-ல் வந்தது. முதலாளி பணம் கட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் கேட்காத பிள்ளைக்குப் பால் கிடைக்காது என்பார்கள். எஸ்.பி.எம். முடித்த நம் பிள்ளைகள் எண்ணெய் நிலையத்திலும் கடையிலும் வேலைக்குப் போகிறார்கள். உழைப்பில் இழிவு எதுவும் இல்லை. அந்த உழைப்பில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக் கழகம் போனேன். ஆனால் முதல் மாதமே சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி ஒரு டின்னில் போட்டு வையுங்கள். பழைய பிஸ்கட் டின் போதும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பள்ளிக்கு வாருங்கள், மாலை வேளையில் நான் பார்த்துச் சொல்கிறேன்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். நம் சடக்கைப் போட்டது யார்? முதன் முதலில் லயத்துக்கு மோட்டார் சைக்கிள் வாங்கியது யார்? அப்போது பெட்ரோல் கேலன் என்ன விலை? கேட்டதை நோட்டில் எழுதி, தேதி போட்டுக் கொண்டு வாருங்கள். இன்று மின்சாரக் கார்கள் வந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் பெரியவர்களாகும்போது சடக்கு முனையில் பம்ப் இருக்குமோ, கம்பி மட்டும் தொங்குமோ, யார் கண்டார்? அப்போது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த நோட்டு இருக்க வேண்டும்.

சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அந்த நிலையத்திற்கு அழைத்துப் போனேன். அப்பாவும் வந்தார். கிணறு என்று சொன்ன பையனிடம் தொட்டியின் மூடியைக் காட்டி, "இங்கதான்டா கோல் விடுவேன்" என்றார். பையன் குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க ஒரு நாளும் தப்பா அளக்கலையா?" என்று கேட்டான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எண்ணெய அளந்ததுல தப்பு வரல" என்றார்.